பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைதான் என்றால் ஒவ்வாமை மருந்து ஆய்வில் எதற்காகச் சேர வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: தூசி ஒவ்வாமைக்கான மாத்திரை ஒன்றின் ஆய்வில் சேரும்படி உங்கள் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான் கிடைக்கும். "சோதனை எலியாக இருப்பதே கஷ்டம், அதிலும் மருந்து கிடைக்காத எலியாக எதற்குப் போய் உட்கார வேண்டும்?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஒரு வருடம் முழுக்க அந்த வெறும் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டவன் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து கம்பெனியிடமும் காசு வாங்கிக்கொண்டு இதை எழுதவில்லை. சேருங்கள் என்று உங்களைத் தள்ளவும் இல்லை. சேராமல் இருப்பதும் உங்கள் உரிமை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் "மருந்து கிடைக்காதவன் ஏமாந்தவன்" என்று நீங்கள் நினைத்தால் அது சரியில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் நிலைமையும் என்னுடையதைப் போலத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கண் விழித்ததும் தும்மல், ஒரு மூக்கு அடைப்பு, இன்னொரு மூக்கில் நீர், படுக்கையை உதறினால் கண் அரிப்பு, ராத்திரி வாயால் மூச்சு. பதினைந்து வருடம் எனக்கு அப்படித்தான் போனது. காரணம் தூசி என்று சொல்வோம், உண்மையில் தூசியில் வாழும் டஸ்ட் மைட் என்னும் நுண்ணிய உண்ணிதான் காரணம். நெதர்லாந்தின் லெய்டனில் ஃபோர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர் 1964-இல் இதை எடுத்துச் சொன்னார்கள். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்கு உணவு. அதன் கழிவில் இருக்கும் புரதம் மூச்சோடு உள்ளே போகிறது. நம்மைப் போன்றவர்களின் உடம்பு அதை எதிரி என்று எடுத்துக்கொண்டு ஐஜிஇ என்ற எதிர்பொருளை உண்டாக்குகிறது. அந்த ஐஜிஇ, மூக்கிலும் கண்ணிலும் தோலிலும் இருக்கும் மாஸ்ட் செல் என்ற எதிர்ப்பு அணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே புரதம் வந்து தொட்டதும் மாஸ்ட் செல் ஹிஸ்டமின் என்ற அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருளைக் கொட்டிவிடும். தும்மல், அரிப்பு, நீர் எல்லாம் அதனால்தான்.

ஆய்வில் நான் சேர்ந்தபோது இதெல்லாம் தெரியாது. வேறு எந்த வழியும் பலிக்காததால் சேர்ந்தேன். முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து ஒவ்வொன்றின் மேலும் ஊசி முனையால் லேசாகக் கீறினார்கள். ஒன்று வெறும் உப்புநீர், ஒன்று ஹிஸ்டமின், மற்றவை ஒவ்வாமைப் பொருள்கள். உப்புநீர் வைத்த இடம் தடிக்கக் கூடாது, ஹிஸ்டமின் வைத்த இடம் கண்டிப்பாகத் தடிக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றதை நம்புவார்கள். கால் மணி நேரத்தில், உப்புநீர் இடத்தை விடக் குறைந்தது 3 மில்லிமீட்டர் பெரிதாக வீங்கினால் கணக்கில் சேரும். எனக்கு டஸ்ட் மைட் சொட்டு வைத்த இடம் நன்றாகவே வீங்கியது. அப்புறம் ரத்தப் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இந்த மாத்திரைகளில் இருப்பது ஒவ்வாமைப் பொருளேதான், சிறிய அளவில் தினமும் கொடுத்து உடம்பைப் பழக்குவதுதான் சிகிச்சை. மூச்சுக்குழாய் ஏற்கனவே சீறிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அதைக் கொடுப்பது ஆபத்து.

சோதனை எலி என்ற பேச்சுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1921-இல் நடந்தது இது. க்யூஸ்ட்னர் என்ற ஆராய்ச்சியாளருக்கு மீன் ஒவ்வாது, அவருடன் வேலை செய்த பிரௌஸ்நிட்ஸுக்கு மீனால் ஒன்றும் ஆகாது. க்யூஸ்ட்னரின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, பிரௌஸ்நிட்ஸ் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது தோல் தடித்தது. ஒவ்வாமையைச் சுமக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. அது ஐஜிஇ என்று தெரிய இன்னும் 45 வருடம் ஆனது. ஆராய்ச்சியாளர்களே தங்கள் தோலைக் கொடுத்து வளர்த்த துறை இது. இதில் கையை நீட்டிய யாரையும் எலி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முதல் மாத்திரையை ஆய்வு மையத்திலேயே கொடுத்தார்கள். "நாக்குக்கு அடியிலேயே இருக்கட்டும், ஒரு நிமிஷம் முழுங்காதீங்க" என்றார் செவிலியர். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் காது அரிக்கிறது, நாக்கு குறுகுறுக்கிறது என்று நெளிந்துகொண்டிருந்தார். எனக்கு எதுவும் இல்லை. உண்மையான மாத்திரையில் வாயும் காதும் அரிப்பது சாதாரணம் என்று ஒப்புதல் படிவத்திலேயே இருந்தது. அதனால் அன்றைக்கே ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. எல்லாருக்கும் அரிக்காது என்றும் அதே படிவத்தில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் டைரி. தினமும் சாயங்காலம் மூக்கு ஒழுகல், அடைப்பு, தும்மல், மூக்கு அரிப்பு, கண் அரிப்பு, கண்ணீர் என்று ஆறுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அதோடு அன்று எத்தனை அலர்ஜி மாத்திரை போட்டேன், மூக்கில் ஸ்ப்ரே அடித்தேனா என்பதையும் எழுத வேண்டும். சும்மா தொந்தரவை மட்டும் கேட்டால் போதாது, நிறைய மாத்திரை போட்டவனுக்குத் தொந்தரவு குறைவாகத்தானே தெரியும்? இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஒரு நாள்கூட விடாமல் எழுதினேன். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் எழுதினேன்.

ஐந்தாவது மாதத்தில் எனக்கு நன்றாகவே குறைந்துவிட்டது. 9, 10 என்று போட்டுக்கொண்டிருந்தவன் 4, 5 என்று போட ஆரம்பித்தேன். ராத்திரி தூங்கினேன். மருந்து வேலை செய்கிறது என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். எனக்கு அதில் துளி சந்தேகமும் இல்லை.

ஆய்வு முடிந்து பல மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நான் பிளாசிபோ குழு, அதாவது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கிடைத்த குழு.

என் அக்கா அதைப் படித்துவிட்டு, "ஒரு வருஷம் உன்னை ஏமாத்தியிருக்காங்க, நீயும் குணமாயிட்டேன்னு குதிச்சே" என்றாள். அவள் கோபம் என் மேல் உள்ள அக்கறையால்தான், தெரியும். ஆனாலும் அன்று எனக்கு வலித்தது. குணமானது பொய்யா? நான் பொய்யாக எழுதினேனா? இரண்டு மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன், என்னிடம் பொறுமையாகப் பேசிய ஆய்வு மருத்துவரிடமும் கேட்டேன். நான் குணமானது நிஜம். டைரி எழுதுவதால் ஸ்ப்ரேயை ஒழுங்காக அடித்தேன், அதற்கு முன் நினைத்தபோதுதான் அடிப்பேன். படுக்கை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க ஆரம்பித்தேன், அந்தச் சூட்டில் உண்ணி சாகும். நான் சேர்ந்ததே என் நோய் மிக மோசமாக இருந்த சமயத்தில், அங்கிருந்து அது தானாகவும் கொஞ்சம் இறங்கியிருக்கும். நல்ல மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு. இவை அத்தனையும் மருந்து கிடைத்த குழுவுக்கும் நடந்தவைதான்! அவர்களும் டைரி எழுதினார்கள், அவர்களும் நம்பினார்கள். அவர்களுக்குக் குறைந்ததில் இதெல்லாம் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரே வழி, எங்கள் டைரிதான். அவர்கள் கணக்கிலிருந்து எங்கள் கணக்கைக் கழித்தால் மிஞ்சுவது மட்டும்தான் மருந்து. நான் ஒரு நாள் சோம்பலில் டைரியை இட்டுக்கட்டியிருந்தால் அந்தக் கழித்தல் தப்பாகியிருக்கும். இன்றைக்கும் அந்த ஒரு வருட டைரியை நினைத்து எனக்குப் பெருமைதான்.

இப்படி ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஒவ்வாமைத் துறையிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. தேனீ, குளவி கொட்டி உயிருக்கே ஆபத்தாகும் ஆட்களுக்கு, அந்தப் பூச்சிகளை முழுசாக அரைத்து எடுத்த சாற்றை ஊசியாகப் போடும் சிகிச்சை பல பத்தாண்டுகள் நடந்தது. நல்ல மருத்துவர்கள்தான் போட்டார்கள், நல்ல எண்ணத்தோடுதான் போட்டார்கள். போட்டுக்கொண்டவர்களும் அது தங்களைக் காப்பாற்றுவதாக நம்பினார்கள். 1978-இல்தான் மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. ஒரு குழுவுக்கு அந்தப் பூச்சிகளின் சுத்தமான விஷம் சிறிய அளவில், ஒரு குழுவுக்கு முழுப் பூச்சிச் சாறு, ஒரு குழுவுக்குப் பிளாசிபோ. பிறகு மருத்துவமனையில் வைத்து, எல்லா ஏற்பாடும் கையில் வைத்துக்கொண்டு, உயிருள்ள பூச்சியைக் கொட்ட விட்டார்கள். பிளாசிபோ குழுவில் 12 பேரில் 7 பேருக்கு உடம்பு முழுக்கப் பாதித்தது. பூச்சிச் சாறு போட்டவர்களில் 11 பேரில் 7 பேருக்கு. பூச்சி விஷத்தை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களில் 18 பேரில் ஒரே ஒருவருக்கு. அந்தச் சாற்றில் விஷம் மிகக் கொஞ்சம்தான் இருந்தது. பிளாசிபோ குழுவின் அந்த 12 பேர் இல்லாமல் இருந்திருந்தால், பயனில்லாத ஊசியைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் தைரியமாகத் தோட்டத்தில் நடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நிலக்கடலை விஷயமும் இப்படித்தான். ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை தராதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000-இல் சொன்னது, 2008-இல் அதைக் கைவிட்டது. பிறகு லண்டனில் கிடியன் லேக் குழுவினர் 640 குழந்தைகளை வைத்து ஆய்வு செய்து 2015-இல் வெளியிட்டார்கள். தோல் சோதனையில் ஒன்றும் தெரியாத குழந்தைகளில், கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதம் பேருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்தது, சின்ன வயதிலேயே சாப்பிட்டுப் பழகியவர்களில் 1.9 சதவீதம்தான். பழைய அறிவுரையைக் கேட்டுப் பயந்து பயந்து பிள்ளை வளர்த்த தாய்மார்களை யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது. அன்று அப்படித்தான் சொல்லப்பட்டது.

"வியாதியோடு இருப்பவனுக்கு ஒரு வருடம் மருந்து தராமல் வைத்திருப்பது கொடுமை இல்லையா" என்று யாராவது கேட்பீர்கள். என்னை அப்படி விடவில்லை. வழக்கமான அலர்ஜி மாத்திரையும் ஸ்ப்ரேயும் அவர்களே கொடுத்தார்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று எழுதித் தந்தார்கள். உண்மையான மாத்திரை கிடைத்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், தொண்டை வீக்கம், அபூர்வமாக அனஃபிலாக்சிஸ் என்ற, உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை வரலாம் என்று படிவத்திலேயே இருந்தது.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை. நான் எந்தக் குழு என்று சொன்னவர்கள், ஆய்வின் முடிவு என்ன என்று சொல்லவில்லை. மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு நானே தேடினேன். கட்டுரை வந்திருந்தது, ஆனால் காசு கட்டினால்தான் படிக்க முடியும். ஒரு வருடம் என் மூக்கையும் என் சாயங்காலங்களையும் கொடுத்திருக்கிறேன், நான் காசு கட்ட வேண்டுமா? ஆய்வில் பங்கேற்றவர்கள் விரும்பினால் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே இருக்கிறது. இதை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது.

கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆய்வுக்கு முந்தைய வருடம் ஒரு பரிசோதனைக் கூடம் என் ரத்தத்தை எடுத்து, நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்பொருள் (ஐஜிஇ இல்லை) இருக்கிறதா என்று பார்த்து, இதையெல்லாம் நிறுத்துங்கள் என்று நீளமான பட்டியல் கொடுத்தது. எட்டு மாதம் பத்தியம் இருந்து எடை குறைந்ததுதான் மிச்சம். ஐஜிஜி இருந்தால் அந்த உணவை நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்றுதான் அர்த்தம், ஒவ்வாமை என்று அர்த்தமில்லை. ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இந்தச் சோதனையை ஒவ்வாமைக்காகச் செய்ய வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. ஒவ்வாமைச் சிகிச்சை பலிக்கும்போது ரத்தத்தில் ஏறுவதே ஐஜிஜி4 என்ற வகைதான். உடம்பு பழகிக்கொண்டதற்கான அடையாளத்தைக் காட்டி ஜனங்களைப் பயமுறுத்துகிறார்கள். நீங்களும் அப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை போகும்போது உங்கள் ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ராத்திரி மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவது, ஆய்வு முடிந்ததும் பிளாசிபோ குழுவுக்கு உண்மையான மாத்திரை தருவார்களா, முடிவை உங்களுக்கு அனுப்புவார்களா. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள், கடும் ஒவ்வாமை வந்தால் அவசரத்தில் போடும் அட்ரினலின் ஊசி அந்த மருந்தால் சரியாக வேலை செய்யாமல் போகலாம். தோல் சோதனைக்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், எனக்கு ஏழு நாள் சொன்னார்கள். மொத்த வருடத்திலும் கஷ்டமான நாட்கள் அவைதான். முக்கியமான வேலை எதையும் அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.