பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் தெரியாத 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்ணின் பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஆனால் கணவர், பிள்ளைகள் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். 1840 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். 1850இல்தான் அடிமைகள் அல்லாத எல்லார் பெயரும் வந்தது. 1890 ஏடுகளை நம்பாதீர்கள். 1921 தீ விபத்துக்குப் பின் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை.

என் கணிப்பில் பெரிய புதையல், அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) விதவைகளின் ஓய்வூதியக் கோப்புகள். கணவர் அமெரிக்க மத்திய அரசின் பக்கம் நின்ற வடக்குப் படையில் இருந்தவரா என்று பாருங்கள். திருமணத்தை நிரூபித்தால்தான் பணம் என்பதால் திருமணச் சான்று, சாட்சிகளின் வாக்குமூலம், சில சமயம் பிறப்பு, திருமணம் எல்லாம் எழுதி வைத்த குடும்ப பைபிளிலிருந்து கிழித்த பக்கமே அதில் இருக்கும்!

அப்புறம், பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழ். 20ஆம் நூற்றாண்டில் இறந்தவர் என்றால், தாயின் பழைய குடும்பப் பெயரும் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அது தகவல் சொன்னவரின் ஞாபகம்தான், கொஞ்சம் சந்தேகத்தோடு வாசியுங்கள்.