மாடல் ரயில் பெட்டி மேல ஆயில் பெயின்ட், என்ன பண்றது?

கேள்வி: அண்ணே, பெரம்பூர்ல ஒருத்தர்கிட்ட ஹெச்ஓ ஸ்கேல்ங்கிற சைஸ்ல ஒரு பழைய மாடல் ரயில் பெட்டி வாங்குனேன், பிளாஸ்டிக் பாடி. யாரோ மேல தடியா ஆயில் பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க, ஜன்னல் கம்பிகூட தெரியல. தின்னர் போடலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, தின்னரை மட்டும் தொட்றாதீங்க! தின்னர், பெட்ரோல், அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாமே இந்த மாதிரி பிளாஸ்டிக்கை இளக்கிடும், இல்லன்னா விரிசல் விட வச்சிடும், நிஜ ரயில்ல 87-ல ஒரு பங்கு சைஸ்ல அவ்ளோ நுணுக்கமா செஞ்ச கம்பியும் ரிவெட்டும் போனா போனதுதான்.

பாரிஸ் கார்னர் பக்கம் கெமிக்கல் கடையில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேளுங்க, 90 சதவீதத்துக்கு மேல இருக்கணும். முதல்ல சக்கரம், கண்ணாடி ஜன்னல், இன்ஜின்னா மோட்டார் எல்லாத்தையும் கழட்டிட்டு பாடியை மட்டும் தனியா எடுத்துக்கங்க, உள்பக்கம் ஒரு மூலையில பஞ்சால தடவி கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க, பிளாஸ்டிக் பிசுபிசுன்னு ஆகலன்னா, மங்கலன்னா தைரியமா மூடி போட்ட டப்பாவுல ஊற வைக்கலாம். கால் மணிக்கு ஒருதடவை எடுத்து பழைய சாஃப்ட் டூத்பிரஷ்ஷால மெதுவா தேய்ங்க, ராத்திரி பூரா ஊறட்டும்னு விட்றாதீங்க, சில பிளாஸ்டிக் நொறுங்குற மாதிரி ஆயிடும். கத்தியால சுரண்டவே கூடாது. ஆயில் பெயின்ட் பிடிவாதம் பிடிக்கும், ரெண்டு மூணு ரவுண்டு ஆகலாம்.

ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, கம்பெனி அடிச்ச கலரும் எழுத்தும்கூட சேர்ந்தே வந்துடும். அதைக் காப்பாத்தணும்னா ஊற வைக்காம, காது குடையுற பஞ்சுக்குச்சியால இத்துனூண்டு இத்துனூண்டா துடைக்கணும், அப்பவும் முழுசா நிக்கும்னு சொல்ல முடியாது.

இந்த ஆல்கஹால் சட்டுனு தீப்பிடிக்கிற சரக்கு, அடுப்படியில வேணாம், மொட்டை மாடியில கிளவுஸ் போட்டு பண்ணுங்க. கடைசியா பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு பச்சைத்தண்ணியில அலசி நிழல்ல காய வைங்க.