பல்கலைக்கழகம் தொடங்கும் முன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இன்னும் சில வாரங்களில் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறேன். இளநிலை இயற்பியல். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைக்கும் முதல் ஆள் நான்தான். அதனால் விவரம் கேட்க வீட்டில் ஆளில்லை. வெளியிலோ கேட்காமலே சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் ‘முதல் வருஷம் ஜாலியாக இரு, மார்க்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார். இன்னொருவர் முதல் வருட மார்க்தான் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் என்கிறார். எந்த லேப்டாப் வாங்குவது, பாடப் புத்தகங்களை இப்போதே வாங்கிவிடலாமா என்பதில்கூடக் குழப்பம்தான்.

ஆனால் என் பயம் வேறு. பள்ளியில் நன்றாகப் படிப்பவன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். ஆசிரியர் சொன்னதைச் சொன்னபடி செய்துதான் பழக்கம். பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடக்கும் மொழியிலும் எனக்கு வேகம் போதாது. வருகிறவர்கள் எல்லோரும் விவரமானவர்களாக இருப்பார்கள், நான் மட்டும் வழி தவறி வந்தவன்போல நிற்பேன் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. போவதற்கு முன் நான் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

லேப்டாப், புத்தகம் இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன். பொறுங்கள். என்ன மென்பொருள் தேவை என்பதைத் துறையே சொல்லும், அதற்குப் பிறகு வாங்கினால் போதும். புத்தகமும் அப்படித்தான். பாடத்திட்டத்தில் எழுதியிருக்கும் புத்தகங்களில் ஒன்றிரண்டைத்தான் ஆசிரியர் உண்மையில் பயன்படுத்துவார். மற்றவை நூலகத்தில் இருக்கும். முதல் இரண்டு வாரம் வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது பெரிய விஷயம். பள்ளியிலிருந்து வருகிறவர்கள் பாடம் கடினமாக இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். பாடம் கடினம்தான், ஆனால் பெரும்பாலானவர்களை வழுக்க வைப்பது பாடமில்லை. அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை என்பதுதான். பள்ளியில் இரண்டு நாள் வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் ஒருவர் கூப்பிட்டுக் கேட்பார். பல்கலைக்கழகத்தில் இரண்டு மாதம் ஒன்றுமே படிக்காமல் இருக்கலாம், ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தேர்வுதான் கேட்கும். ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. நீங்கள் பெரியவர் என்ற அனுமானத்தில் அந்த ஏற்பாடு முழுக்கக் கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு. டைம்டேபிளைப் பார்த்தால் பாதிக்குப் பாதி காலியாக இருக்கும். ‘அட, இவ்வளவு ஓய்வா’ என்று தோன்றும். ஒரு கணக்கு சொல்கிறேன். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பின்பற்றும் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வருடத்துக்கு 60 கிரெடிட். அதாவது 1500 முதல் 1800 மணி நேரம். ஒரு பாடத்துக்கு 5 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 125 முதல் 150 மணி நேரம் வருகிறது. வாரத்துக்கு 4 மணி நேர வகுப்பு, 14 வாரம் என்றால் வகுப்பில் கழிவது 56 மணி நேரம்தான். மிச்சம் 69 முதல் 94 மணி நேரம் எங்கே? அது எந்த டைம்டேபிளிலும் இருக்காது. அந்தக் காலிக் கட்டங்களுக்குள்தான் இருக்கிறது. நீங்கள் போகும் இடத்தில் கிரெடிட் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் வகுப்பு நேரத்துக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ தனியாக உழைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இருக்கும்.

முதல் மூன்று வாரம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அப்புறம் ஒரே வாரத்தில் இரண்டு அசைன்மென்ட், ஒரு லேப் அறிக்கை, ஒரு இடைப்பருவத் தேர்வு என்று மொத்தமாக வந்து விழும். திட்டமிட்டு யாரும் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்தை மட்டும் பார்த்துத் தேதி குறிக்கிறார். எல்லாத் தேதிகளும் ஒன்றாகச் சேரும் இடம் நீங்கள் ஒருவர்தான். அதனால் முதல் வாரமே ஒவ்வொரு பாடத்திட்டத்தையும் எடுத்து எல்லாத் தேதிகளையும் ஒரே காலண்டரில் எழுதிவிடுங்கள். மதிப்பெண்ணில் எதற்கு எத்தனை சதவீதம், தாமதமாகக் கொடுத்தால் என்ன கழிப்பார்கள், வருகைப்பதிவு கட்டாயமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மாணவர்களில் பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை. ஒரு பாடத்தை மாற்றிக்கொள்ளவோ விட்டுவிடவோ கடைசி நாள் எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தேதிக்குள் விலகினால் பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலில் தடமே இருக்காது. தாண்டினால் தோல்வி என்றோ விலகல் என்றோ நிரந்தரமாகப் பதிவாகிவிடும். ஒரே ஒரு வாரம் தாமதித்து மாட்டிக்கொண்டவர்களை நான் கற்பித்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

‘முதல் வருஷம் ஜாலியாக இரு’ என்கிறவருக்கும் ‘தலையெழுத்து’ என்கிறவருக்கும் இடையே தீர்ப்புக் கேட்டால், இரண்டு பேருமே மிகைப்படுத்துகிறார்கள் என்பேன். சில பல்கலைக்கழகங்களில் முதல் வருட மார்க் இறுதிப் பட்டத்தின் தரவரிசையில் சேராது. சிலவற்றில் சேரும். விதிமுறையைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் இயற்பியலில் முதல் வருடக் கணிதத்தை ஏனோதானோ என்று தாண்டினால் இரண்டாம் வருடம் முழுக்க அதன் வட்டியைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

படிக்கும் விதம் பற்றிக் கொஞ்சம். பள்ளியில் திரும்பத் திரும்ப வாசித்து மனதில் ஏற்றியிருப்பீர்கள். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களை ஒரு பத்தியைப் படிக்க வைத்துவிட்டு, ஒரு பிரிவை மறுபடி படிக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவைப் பத்தியை மூடிவைத்து நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் சற்று முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு ஏறக்குறைய 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம். திரும்பப் படிப்பது அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், தெரிந்துவிட்டது போலவும் இருக்கும். அந்த உணர்வை நம்பாதீர்கள். வகுப்பு முடிந்த அன்றே ஒரு வெற்றுத் தாளை எடுத்து, நோட்டை மூடிவைத்துவிட்டு, என்ன நடந்தது என்று எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். ‘சொன்னதைச் செய்துதான் பழக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். வேறு எதைப் பழகாவிட்டாலும் போய்க் கேட்பதைப் பழகிக்கொள்ளுங்கள். பல ஆசிரியர்கள் வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் மாணவர்களுக்கென்று அறையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆபீஸ் அவர்ஸ் என்பார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார். தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் வாசலில் கூட்டம் நிற்கும். இடைக்காலத்தில் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள்தான் ஆசிரியர்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். வகுப்புக்குத் தாமதமாக வந்தால் ஆசிரியருக்கு அபராதம்கூடப் போட்டார்கள். அந்தப் பொற்காலம் போய்விட்டது. ஆனால் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும் அந்த ஒரு மணி நேரம் இன்றும் உங்களுடையதுதான். போனால் தொந்தரவு என்று நினைக்க மாட்டார்கள்.

கேட்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ‘சார், சுழற்சி இயக்கம் புரியவில்லை’ என்று போய் நின்றால் அவர் முழு வகுப்பையும் திரும்ப எடுக்கத்தான் முடியும், நீங்களும் தலையாட்டிவிட்டு வருவீர்கள். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘சறுக்காமல் உருளும் பந்தின் மேல் உராய்வு செய்யும் மொத்த வேலை பூஜ்ஜியம் என்று சொன்னீர்கள். ஆனால் சரிவில் விடப்பட்ட பந்து உராய்வு இல்லாவிட்டால் சுழலாமல் சறுக்கத்தானே செய்யும்? அப்படியென்றால் அந்தச் சுழற்சியின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? நான் இதுவரைக்கும் எழுதியிருக்கிறேன்’ என்று தாளை நீட்டுங்கள். அவர் தாளைப் பார்த்த உடனே உங்களுக்கு எது தெரியும், எங்கே முட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஆற்றல் முழுக்க ஈர்ப்பிலிருந்துதான் வருகிறது, உராய்வு அதில் ஒரு பங்கைச் சுழற்சிப் பக்கம் திருப்பிவிடுகிறது என்று இரண்டு நிமிடத்தில் அவிழ்த்துவிடுவார். அதைவிட முக்கியம், அடுத்த முறை உங்களைப் பெயரோடு நினைவு வைத்திருப்பார். நாளைக்கு ஒரு பரிந்துரைக் கடிதமோ ஆய்வுக்கூடத்தில் ஒரு வாய்ப்போ கேட்க வேண்டியிருக்கும்போது, இருநூறு பேர் வகுப்பில் உங்களைத் தெரிந்த ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும்.

கேட்கும் முன் செய்து பார்த்திருக்க வேண்டும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. கேள்வியைத் தாளில் எழுத உட்காரும்போதே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். மிச்சப் பாதியோடு போங்கள்.

மற்றவர்கள் எல்லாம் விவரமானவர்களாகத் தெரிவார்கள் என்பது உண்மைதான், அப்படித்தான் தெரிவார்கள். பெற்றோர் பல்கலைக்கழகம் போன வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆபீஸ் அவர்ஸ் என்றால் என்ன, யாருக்கு எப்படி மின்னஞ்சல் எழுதுவது, கால அவகாசம் கேட்கலாம் என்பதெல்லாம் வீட்டிலேயே காதில் விழுந்திருக்கும். அது அறிவு வித்தியாசம் இல்லை, செய்தி வித்தியாசம். ஒரு செமஸ்டரில் ஈடுகட்டிவிடலாம். தகுதியில்லாமல் உள்ளே நுழைந்துவிட்டோம், எப்போது வேண்டுமானாலும் குட்டு உடைந்துவிடும் என்ற எண்ணத்தைப் பற்றி கிளான்ஸ், ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இலேயே எழுதினார்கள். அவர்கள் அதைப் பார்த்தது நன்றாகச் சாதித்துக்கொண்டிருந்த பெண்களிடம். ஆக, அந்த எண்ணம் வருவதை வைத்து உங்கள் தகுதியை அளக்க முடியாது.

மொழி விஷயம் கொஞ்சம் நிஜமான சிரமம், பூசி மெழுக மாட்டேன். வகுப்புக்கு முன் அன்றைய பகுதியைப் பதினைந்து நிமிடம் புரட்டி, தெரியாத கலைச்சொற்களுக்கு மட்டும் பொருள் பார்த்துவிட்டுப் போங்கள். காதில் விழும் வேகம் பாதியாகக் குறைந்ததுபோல இருக்கும். பல இடங்களில் எழுத்துக்கு உதவ ஒரு மையம் இருக்கும், இலவசமாகவே. மொழி வராதவர்களுக்கு மட்டுமான இடம் என்று நினைத்து வெட்கப்படாதீர்கள். நன்றாக எழுதுகிறவர்களும் போகிறார்கள்.

அடுத்தவர் எழுத்தை எடுத்துப் போடுவது பற்றி: பள்ளியில் புத்தகத்து வரியை அப்படியே எழுதினால் முழு மார்க். இங்கே மேற்கோள் குறி இல்லாமல், மூலம் சொல்லாமல் எழுதினால் திருட்டு. தெரியாமல் செய்தேன் என்பது பெரும்பாலும் செல்லாது. நண்பரோடு சேர்ந்து கணக்குப் போடுவது, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவது இவற்றிலும் பாடத்துக்குப் பாடம் விதி மாறும். ஒரு ஆசிரியர் அனுமதிப்பதை இன்னொருவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்புவார். சந்தேகமா, முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு முடியவில்லை, பணப் பிரச்சினை, மனசு சரியில்லை, எதுவானாலும் தேதிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். முன்னால் சொன்னால் கோரிக்கை, பின்னால் சொன்னால் சாக்கு. நியாயமோ இல்லையோ, அலுவலகங்கள் அப்படித்தான் பார்க்கும்.

சீனியர்கள் சொல்வதில் எந்தப் படிவம் எந்த ஜன்னலில், எந்த நூலகத் தளம் அமைதியாக இருக்கும் என்பதெல்லாம் தங்கம். எந்த ஆசிரியர் ‘ஈஸி’ என்பதை மட்டும் காதில் வாங்காதீர்கள். மாணவர் மன்றங்களில் ஒன்றில் சேருங்கள். ஐந்தில் பெயர் கொடுத்துவிட்டு நவம்பருக்குள் ஐந்திலிருந்தும் காணாமல் போகிறவர்கள் அதிகம்.

முதல் அசைன்மென்ட் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மார்க்கோடு திரும்பி வரலாம், பள்ளியில் முதலிடம் வாங்கியவர்களுக்கும் இது நடக்கும். மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். ஓரத்தில் எழுதியிருப்பதை முழுக்கப் படியுங்கள். அதில் ஏதாவது ஒரு குறிப்பு புரியாமல் இருக்கும், ஆசிரியரின் கையெழுத்தே புரியாமல் இருக்கலாம். முதல் தடவை அவர் அறைக்குப் போக அது போதும்.