வாசனை ஹைலைட்டர்: கூடுதல் விலை கொடுத்து வாங்கலாமா?

கேள்வி இதுதான்: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் பழ வாசனை வீசும் ஹைலைட்டர் செட் கேட்கிறாள். ஆறு பேனா, சாதாரண செட்டைவிட விலை கூடுதல். வாசனையோடு கோடு போட்டால் படித்தது மறக்காது என்று தோழிகள் சொல்கிறார்களாம். வாங்கலாமா?

படிப்புக்கு என்றால் செட்டாக வாங்காதீர்கள். ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்றால் எலுமிச்சையோ அன்னாசியோ, மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு பேனா உதிரியாகக் கிடைக்கிறதா பாருங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பேனாவின் குறைகள் கடையில் முகர்ந்து பார்க்கும்போது தெரிவதில்லை.

ஹைலைட்டரைப் பிரித்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. மையை உறிஞ்சி வைத்திருக்கும் பாலியெஸ்டர் நார்த் திரி ஒன்று, அதில் குத்தி நிற்கும் உளி வடிவ முனை ஒன்று. மையில் பெரும்பகுதி தண்ணீர். அதில் ஒளிரும் சாயம் (மஞ்சளுக்குப் பல கம்பெனிகள் பைரனின் என்ற சாயத்தைப் பயன்படுத்துகின்றன), முனை காயாமலிருக்கக் கிளிசரின் அல்லது கிளைக்கால், பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு பாதுகாப்புப் பொருள். வாசனைப் பேனாவில் இதோடு செயற்கை மணப்பொருள் சேர்கிறது. வாழைப்பழ வாசனைக்கு ஐசோஅமைல் அசிடேட், அன்னாசிக்கு எத்தில் பியூட்டிரேட், ஆரஞ்சுக்கு லிமோனீன், வெனிலாவுக்கு வெனிலின் என்று மிட்டாய்க்கும் சோப்புக்கும் போடுகிற அதே வகைப் பொருட்கள்தான்.

இவற்றில் பலவும் எண்ணெய்த் தன்மை உள்ளவை, தண்ணீரில் லேசில் கரையாது. கரைய வைக்க சோப்பு போல வேலை செய்யும் ஒரு பொருளைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அதன் அளவு சரியாக அமைந்தால் தொல்லை இல்லை. கொஞ்சம் கூடிப்போனாலும் மையின் பரப்பு இழுவிசை குறைந்து, போட்ட கோடு காகித நார் வழியே ஓரத்தில் பரவும், மறுபக்கமும் ஊறும். நல்ல 80 ஜிஎஸ்எம் தாளில் இது அவ்வளவாகத் தெரியாது. கைடுகளில் வருகிற மெல்லிய சாணித்தாளில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது வாசனை எவ்வளவு நாள் நிற்கும் என்பது. மூக்குக்கு எட்ட வேண்டுமென்றால் அது ஆவியாகியே ஆக வேண்டும். அதனால் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகிறது, மை தீருமுன்னே வாசனை மங்கிவிடுகிறது. வெயிலில் நிற்கும் வண்டியின் பையில் வைத்தால் இன்னும் சீக்கிரம். மூடியும் இதில் முக்கியம். குழந்தைகள் பேனா மூடியை விழுங்கிவிட்டால் மூச்சு அடைக்காமல் காற்று போவதற்காக மூடியின் நுனியில் துளை விடுவார்கள். ஐஎஸ்ஓ 11540 என்ற தரக்குறியீடு அதற்கானது. துளை இருப்பது நல்லதுதான். ஆனால் துளையுள்ள மூடிக்குள் முனையை மட்டும் இறுக்கிப் பிடிக்கும் இரண்டாவது சின்னக் கிண்ணம் இருக்க வேண்டும். மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். கிண்ணம் இல்லாமல் நேராக ஓட்டை தெரிந்தால் அந்தப் பேனா வாசனையையும் தக்கவைக்காது, முனையையும் காயவிடும்.

எனக்கு இந்தச் செட்டுகளில் மிகவும் உறுத்துகிற விஷயம் நிறம். பழத்தை வைத்துத்தான் நிறத்தை முடிவு செய்கிறார்கள். திராட்சை என்றால் ஊதா, புளூபெர்ரி என்றால் நீலம், ஸ்ட்ராபெர்ரி என்றால் சிவப்பை ஒட்டிய இளஞ்சிவப்பு. படிக்கும் கண்ணுக்கு இவை உதவாது. நல்ல வெளிச்சத்தில் நம் கண் அதிகக் கூர்மையோடு உணர்வது மஞ்சளும் பச்சையும் சேரும் பகுதியை, சுமார் 555 நானோமீட்டர் அலைநீளத்தை. மஞ்சள் ஹைலைட்டர் எழுத்தை மறைக்காமல் எடுத்துக்காட்டுவதற்கு இது முக்கியக் காரணம். ஊதாவை அச்செழுத்தின் மேல் போட்டால் கறுப்புக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு குறைந்து எழுத்து அமுங்கிவிடும். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தால் சாம்பல் பட்டையாக விழும். மஞ்சளோ பெரும்பாலும் விழுவதே இல்லை. ஆறு பேனாவில் மஞ்சள், பச்சை, ஆரஞ்சு மூன்றும்தான் பாடப்புத்தகத்துக்கு உருப்படியாக உதவும். விலையை ஆறால் வகுக்காமல் மூன்றால் வகுத்துப் பாருங்கள்.

நினைவாற்றல் பற்றிச் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. 1990-இல் ஃபிராங்க் ஷாப் என்ற உளவியலாளர் சாக்லேட் வாசனையை வைத்து நடத்திய சோதனைகளில், சொற்களைப் பார்த்தபோதும் பிறகு நினைவுகூர்ந்தபோதும் அதே வாசனை இருந்தவர்கள் அதிகச் சொற்களை நினைவுகூர்ந்தார்கள். இரண்டு நேரமும் வாசனை இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். தேர்வு அறையில் யார் ஸ்ட்ராபெர்ரி வாசனையைப் பரப்பப் போகிறார்கள்? போதாததற்கு, மூக்கு ஒரே வாசனைக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். ஆறு பேனாவையும் மாற்றி மாற்றிப் போட்டால் எந்தப் பாடத்துக்கு எந்த வாசனை என்ற தொடர்பும் கலைந்துவிடும்.

அதைவிடப் பெரிய செய்தி, கோடு போடுவதே தனியாகப் பெரிய பலன் தராது என்பது. 2013-இல் ஜான் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு எழுதிய ஆய்வுக் கட்டுரையில், கோடிடுவதைக் குறைந்த பயன் தரும் வரிசையில் வைத்தார்கள். தன்னைத் தானே கேள்வி கேட்டுப் பார்ப்பதும், இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதும் மேலே வந்தன. எனவே மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதே. பத்தியை முடித்துவிட்டு, புத்தகத்தை மூடி, என்ன இருந்தது என்று சொல்லிப் பார். சொல்ல வராத இடத்துக்கு மட்டும் மஞ்சள் போடு. இப்படிச் செய்தால் ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரிக்கு மேல் போகாது, எதைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பதும் பளிச்சென்று தெரியும்.

உடல்நலப் பக்கமும் பார்க்க வேண்டும். வீட்டிலோ வகுப்பில் பக்கத்தில் உட்காருபவருக்கோ ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி இருந்தால் வாசனைப் பேனாவே வேண்டாம். செயற்கை வாசனை அவற்றைத் தூண்டிவிடலாம். மணப்பொருட்களில் சில தோல் ஒவ்வாமையும் தரும். ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் போட்ட பொம்மைப் பாதுகாப்பு விதியிலேயே 55 மணப்பொருட்களுக்குத் தடை விதித்தது. பாக்கெட்டில் இஎன் 71 (ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தரம்) என்றோ, ஏபி என்ற வட்ட முத்திரையோ (நச்சு இல்லை என்று சோதித்துத் தரும் அமெரிக்க முத்திரை) இருக்கிறதா பாருங்கள். ஏஎஸ்டிஎம் டி-4236 என்று மட்டும் போட்டிருந்தால், அது அபாயம் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்ற விதிக்கு உட்பட்டது என்றே பொருள். நச்சு இல்லை என்ற சான்று ஆகாது. வீட்டில் வாயில் எதையும் வைக்கிற சின்னக் குழந்தை இருந்தால் மிட்டாய் மணக்கும் பேனாவைக் கைக்கு எட்டும்படி விடாதீர்கள்.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால், போகும்போது மகளின் புத்தகத்துத் தாளுக்கு ஈடான ஒரு பழைய பக்கத்தை எடுத்துப் போங்கள். அதில் ஜெல் பேனாவிலும் பால்பாயிண்டிலும் ஒவ்வொரு வரி எழுதி, பத்து நிமிடம் காயவிட்டு, மேலே ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். பால்பாயிண்ட் மை எண்ணெய் சார்ந்தது, அசையாமல் நிற்கும். ஜெல் மை ஈஷினால் ஹைலைட்டர் முனையில் கறுப்பு ஒட்டி, அடுத்த கோட்டின் நடுவே அழுக்குப் பச்சையாக ஒரு இழை ஓடும். உடனே ரஃப் தாளில் இரண்டு மூன்று முறை தேய்த்தால் முனை தெளியும். விட்டுவிட்டால் கறை உள்ளே ஏறிவிடும். பிறகு தாளைத் திருப்பி, ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். ஜெராக்ஸ் எழுத்து சூட்டில் உருகி ஒட்டிய டோனர் பொடி என்பதால் ஈஷாது, இங்க்ஜெட் பிரிண்ட் பெரும்பாலும் ஈஷும். பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு, கடை பில் போன்ற வெப்பத் தாளில் எந்த ஹைலைட்டரும் வேண்டாம், எழுத்தே மங்கிப் போகலாம்.

முனை காய்ந்துவிட்டால் மூடியைப் போட்டு, முனை கீழே இருக்கும்படி ஓரிரவு நிறுத்தி வையுங்கள். அப்படியும் வராவிட்டால் முனையைப் பிடுங்கித் திரியில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விடலாம். நிறம் சற்று வெளிறினாலும் கொஞ்ச நாள் ஓடும். வாசனை திரும்பாது. அதற்காக அத்தரோ சமையல் எசென்ஸோ ஊற்ற வேண்டாம். எண்ணெய் நாரை அடைத்துக்கொண்டால் மை முனைக்கு வருவதே நின்றுவிடும்.

தினசரிப் படிப்புக்கு ஸ்டபிலோ, ஃபேபர்-காஸ்டெல், லக்ஸர், கேம்லின் எதிலாவது வாசனையில்லாத மஞ்சள் இரண்டு எடுத்து வையுங்கள். வாசனைப் பேனாவை வாழ்த்து அட்டைக்கும் நோட்டு லேபிளுக்கும் வைத்துக்கொள்ளட்டும். எழுதி முடித்ததும் மூடி டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி, ஜிப் கவரில் போட்டு வைத்தால் வாசனையும் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும்.