அம்மான் அறக்கட்டளைகளின் பொதுப்பட்டியல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மானில் ஓர் அறக்கட்டளையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கல்வி உதவி கொடுக்கும் ஆறு அறக்கட்டளைகள் சேர்ந்து, யாருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்ற விவரத்தைப் பகிர்ந்துகொள்வதாக ஒப்பந்தம் போட்டோம். எட்டு மாதம் ஆகிறது. ஓர் இணையத்தளம் அமைக்க விலைப்புள்ளி வாங்கியதோடு சரி. தரவு கேட்டால் ‘தர்மத்தை வெளியே சொல்வது அழகல்ல’ என்கிறார்கள். உண்மையில் அதுதான் காரணமா? எங்கிருந்து தொடங்குவது? வளைகுடா அறக்கட்டளைகளையும் இப்போதே சேர்த்துக்கொள்ளலாமா?

ஹ., அம்மான்

அன்புள்ள ஹ.,

தளம் அமைக்கும் வேலையை முதலில் நிறுத்திவையுங்கள். ஆறு பேரும் ஒரே மாதிரி நிரப்பிய ஓர் எக்செல் தாள் கைக்கு வரும்வரை அதற்குச் செலவிடும் ஒவ்வொரு தினாரும் வீண். தளம் திறப்பு விழாவோடு நின்றுபோவது வழக்கம். தரவைத் திருத்தித் தரும் ஆள் இல்லாததே காரணம்.

தர்மத்தை மறைப்பது பற்றி: குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 271ஆம் வசனம், வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைத்து ஏழைக்குக் கொடுப்பது அதைவிட நல்லது என்கிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுப்பவரைப் பற்றிய நபிமொழியும் எல்லோருக்கும் தெரியும். இரண்டுமே தனி மனிதனின் கொடைக்கானவை. உங்கள் தாளில் கொடையாளி பெயருக்குக் கட்டமே வைக்காதீர்கள். கொடுத்த அறக்கட்டளையின் பெயர் போதும். அதற்குப் பிறகும் தரவு வரவில்லை என்றால் காரணம் வேறு.

பெரும்பாலும் அது வங்கிதான். 2001க்குப் பிறகு டாலர் பரிமாற்றத்தைக் கையாளும் வெளிநாட்டு வங்கிகள் அரபுத் தொண்டு நிறுவனங்களின் பணத்தைத் தாமதப்படுத்தின, கணக்குகளை மூடின. பணமோசடியையும் பயங்கரவாத நிதியையும் தடுக்கும் விதிகளை வகுக்கும் பன்னாட்டு நிதி நடவடிக்கைப் பணிக்குழு தன் எட்டாவது பரிந்துரையிலிருந்து தொண்டு நிறுவனங்கள் ‘குறிப்பாக’ ஆபத்துக்குரியவை என்ற வாசகத்தை 2016இல் நீக்கியது. வங்கிகளின் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் நீங்கவில்லை. சிரியாவுக்கோ காஸாவுக்கோ பணம் அனுப்பிய அறக்கட்டளை, தாளில் அந்த வரிசையைப் பொதுவில் வைக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அப்படிப்பட்ட வரிசையில் பெறுநர் பெயரை மட்டும் மறைத்து, தொகை, நாடு, நோக்கம் மூன்றையும் விட்டுவையுங்கள். வரிசையையே நீக்கினால் மொத்தத் தொகை பொய்யாகிவிடும். அது பொய் என்பதுகூடப் படிப்பவருக்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், இதே பிரதேசத்தில் அரசுப் பணத்துக்கு ஏடு இருக்கிறது. அமீரகம் தன் வெளிநாட்டு உதவிக் கணக்கைப் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்புக்கு அனுப்புகிறது; 2014 முதல் அதன் உதவிக் குழுவில் பங்கேற்பாளர். அரபு ஒருங்கிணைப்புக் குழுவில் இருக்கும் அரசு நிதியங்களும் வளர்ச்சி வங்கிகளும் 1975 முதல் ஒரே திட்டத்துக்குச் சேர்ந்து கடன் கொடுத்துவருகின்றன. பிந்தியிருப்பது தனியார் அறக்கட்டளைகளே.

இனி தாள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பிரிட்டனில் நிதியுதவித் தரவை வெளியிட உதவும் 360கிவிங் என்ற அமைப்பு வைத்திருக்கும் தரத்தில் கட்டாயக் கட்டங்கள் பத்துதான்: நிதியுதவியின் அடையாள எண், தலைப்பு, விவரம், நாணயம், தொகை, வழங்கிய தேதி, பெறுநரின் எண், பெயர், கொடுத்தவரின் எண், பெயர். எண்களைப் பதிவு எண்ணிலிருந்து எடுங்கள். பெயரை நம்பி எதையும் இணைக்காதீர்கள். சங்கத்தைக் குறிக்கும் ‘ஜம்இய்யா’ என்று நீங்கள் எழுதுவதைக் கெய்ரோவில் லத்தீன் எழுத்தில் ‘கம்இய்யா’ என்று எழுதுவார்கள். அரபியிலேயே அலிஃப் எழுத்தின் மேல் ஹம்ஸா குறி இருக்கிறதா இல்லையா, சொல்லின் கடைசியில் வருவது தா மர்பூதா எழுத்தா, அதைப் போலவே தோன்றும் ஹாவா என்பதில் ஒரே சங்கம் நான்கு சங்கமாகிவிடும். மூலப் பெயர் அரபியில் ஒரு கட்டம், லத்தீனில் ஒரு கட்டம், இணைப்பு எண்ணால் மட்டும்.

தொகையில்தான் அதிகம் சறுக்கும். ஜோர்டான் தினாருக்கும் குவைத் தினாருக்கும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். நீங்கள் 4.500 என்று எழுதினால் நாலரை தினார். புள்ளியை ஆயிரப் பிரிப்பாகக் கொள்ளும் கணினியில் அது நாலாயிரத்து ஐந்நூறு. அரபுத் தசமக் குறியோடு அடித்த எண்ணை எக்செல் எழுத்தாக எடுத்துக்கொண்டு, கூட்டும்போது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விட்டுவிடக்கூடும். அனுப்பும் ஒவ்வொருவரும் தாளின் மொத்தத் தொகையைத் தனியே ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பட்டும். தாளின் கூட்டல் அதோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். தொகையைக் கொடுத்த நாணயத்திலேயே வையுங்கள். டாலர் மதிப்பு வேண்டுமென்றால் வழங்கிய நாளின் விகிதத்தில் வேறு கட்டம். 2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டு டாலருக்கு 31 என்ற நிலையிலிருந்து ஒரே நாளில் 50ஐ நெருங்கியது. ஆண்டுச் சராசரியில் மாற்றினால் எகிப்தில் செலவிட்ட தொகை அர்த்தமில்லாத எண்ணாகிவிடும்.

ஒப்புக்கொண்ட தொகையா, கொடுத்து முடித்த தொகையா என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். மூன்றாண்டுப் படிப்புக்கு 9,000 தினார் என்றால் ஒருவர் முதலாண்டில் 9,000 எழுதுவார், இன்னொருவர் ஆண்டுக்கு 3,000 எழுதுவார். இரண்டையும் கூட்டக் கூடாது. என் பரிந்துரை: ஒரு நிதியுதவிக்கு ஒரு வரிசை, ஒப்புக்கொண்ட முழுத்தொகை, தவணைகள் தனித் தாளில். இன்னொரு அறக்கட்டளையிடமிருந்து வந்த பணத்தைத்தான் கொடுத்தீர்கள் என்றால், வந்த நிதியுதவியின் எண்ணைக் குறிக்க ஒரு கட்டம். இல்லாவிட்டால் ஒரே தினார் இரண்டு மூன்று தடவை எண்ணப்படும்.

தேதி கிரிகோரியனில், இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரி தனிக் கட்டத்தில். ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால் இரண்டையும் கலந்த ஆண்டுத் தொகைகள் பொருந்தா. 2030இல் ரமலான் ஜனவரியிலும் டிசம்பரிலும் என இரண்டு முறை தொடங்கும். ரமலானில் கொடை கூடும் என்பதால், அந்த ஆண்டின் கொடை திடீரென்று உயர்ந்ததாக யாராவது அறிக்கை எழுதுவார்கள், பாருங்கள்.

பத்தோடு பதினொன்றாக நான் வற்புறுத்துவது பணத்தின் வகை: ஜகாத்தா (கட்டாயக் கொடை), ஸதகாவா (விரும்பிக் கொடுப்பது), வக்ஃபு வருமானமா (அறத்துக்கென எழுதிவைத்த சொத்திலிருந்து வருவது), பொதுப்பணமா. பிரிட்டனின் தரத்தில் இது இல்லை; உங்களுக்கு இது இல்லாமல் முடியாது. ஜகாத் எட்டு வகையினருக்கு மட்டும். வக்ஃபு வருமானம் வக்ஃபு செய்தவரின் பத்திரத்தில் சொன்ன வழியில் மட்டும். கூட்டுத் திட்டத்தில் எல்லாப் பணத்தையும் ஒரே கணக்கில் போட்டுவிட்டு, ஆறாம் மாதம் ஒருவரின் ஷரியா குழு ‘கட்டடச் செலவுக்கு எங்கள் ஜகாத் ஆகாது’ என்று நிறுத்தும்போது திட்டம் பாதியில் நிற்கும். வகை தெரிந்திருந்தால் கட்டடத்துக்கு ஸதகாவும் மாணவர் உதவித்தொகைக்கு ஜகாத்தும் என்று முதலிலேயே பிரித்திருக்கலாம்.

இதுவரை சொன்னது நிதியுதவி பற்றிய தரவு. மாணவர்களின் பெயர்ப் பட்டியலை ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஒரே மாணவர் இரண்டு இடத்தில் வாங்குகிறாரா என்பதுதான் நீங்கள் அறிய வேண்டியது. அதற்கு ஆம், இல்லை என்ற விடை போதும். தொழில்நுட்பர் யாராவது ‘தேசிய எண்ணை ஹாஷ் செய்துவிட்டால் பாதுகாப்பு’ என்பார். (ஹாஷ் என்பது எண்ணைத் திரும்பப் படிக்க முடியாத எழுத்துச்சரமாக மாற்றுவது.) ஜோர்டான் தேசிய எண்ணுக்குப் பத்து இலக்கம், அதிகபட்சம் ஆயிரம் கோடி சேர்க்கைகள். சாதாரணக் கணினி சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு எண்ணைக் கண்டுபிடித்துவிடும். இரகசியச் சாவியோடு ஹாஷ் செய்ய வேண்டும். ஒப்பிட்டுச் சொல்பவர் ஆறு பேரில் ஒருவராக இருக்கக் கூடாது. அவரிடம் சாவியும் இருக்கக் கூடாது. சிரிய மாணவர்களுக்கு தேசிய எண் இல்லை; ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பதிவு எண்ணைத் தனியாக ஒப்பிட வேண்டும். ஜோர்டானின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. விண்ணப்பப் படிவத்தில் இந்த ஒப்பீட்டுக்கு ஒப்புதல் கேட்கும் வாக்கியம் இருக்கட்டும். மறுக்கும் மாணவருக்கு விண்ணப்பத்தை மறுக்காதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும், தரவு தருபவருக்கு உடனடியாக ஏதாவது திரும்பக் கிடைக்காவிட்டால் தாள் வராது. என் யோசனை, முதல் பலனாக ஆவணச் சரிபார்ப்பை வையுங்கள். ஒரே உள்ளூர்ச் சங்கம் ஆறு அறக்கட்டளைகளுக்கும் பதிவுச் சான்றிதழ், தணிக்கை அறிக்கை, நிர்வாகக் குழுப் பட்டியல், வங்கிக் கடிதம் ஆகியவற்றை ஆறு தடவை கொடுக்கிறது. ஆறு அலுவலர்கள் ஒரே காகிதத்தைப் படிக்கிறார்கள். ஒருவர் பார்த்ததை ஐவர் ஏற்பது என்று வையுங்கள். ஒவ்வோர் ஆவணத்துக்கும் காலாவதித் தேதி, பார்த்தவர் பெயர். முடிவு மட்டும் அவரவருடையது.

வெளிநாட்டுப் பணத்துக்கு அமைச்சரவை அனுமதி கேட்ட தேதி, வந்த தேதி இரண்டையும் சேருங்கள். தனியாக ‘தாமதமாகிறது’ என்பது முறையீடு. ஆறு பேரின் தேதிகள் சேர்ந்தால் மாதக்கணக்கைக் காட்டிப் பேசலாம்.

ஒப்பந்தத்தை இரண்டு பக்கத்தில் மறுபடி எழுதுங்கள்: எந்தக் கட்டங்கள், எந்தத் தேதி, திருத்துபவர் யார், விலக நினைத்தால் எப்படி. முதல் இரண்டாண்டுக்கு யார் அதிகம் கொடுத்தார் என்ற தரவரிசை கிடையாது என்பதையும் எழுதிவிடுங்கள். ஆறு தாள்களையும் ஒன்றாக்க ஒருவரின் பாதி வேலைநேரம் போதும். அவருக்குச் சம்பளம் ஆறு பேரும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். அவரை எங்கே அமர்த்துவது என்று சண்டை வந்தால், 2006 முதல் இயங்கும் அரபு அறக்கட்டளைகள் மன்றம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

வளைகுடா இப்போது வேண்டாம். உரிமம், நிதி திரட்டும் அனுமதி, தரவுச் சட்டம் எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. அவர்களின் சட்ட ஆலோசகர் பதில் எழுதவே ஓராண்டு ஆகலாம். இரண்டு சுற்றுத் தாள் கையில் இருக்கும்போது அழையுங்கள். முதல் சுற்றை ரமலானில் வைக்காதீர்கள், அந்த மாதம் உங்கள் ஆறு அலுவலகத்திலும் யாருக்கும் கை ஒழியாது. ஈது முடிந்து நான்காவது வாரம் கடைசித் தேதி, கடந்த மூன்றாண்டு நிதியுதவிகள் மட்டும்.