ஆன்லைன் கேசினோ: போட்ட பணம், எடுக்கிற பணம் (கேள்வி-பதில்)

இந்த முறை ஆன்லைன் கேசினோ பற்றிய கடிதங்கள் மட்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால் எழுதியவரின் ஊரையும் சேர்த்திருக்கிறேன்.

100 பவுண்டு போட்டேன், 100 பவுண்டு வரவேற்பு போனஸ் தந்தார்கள். பிளாக்ஜாக்கில் கணக்கு 640 ஆனது. எடுக்கப் போனால் ‘40 மடங்கு பந்தய நிபந்தனை பாக்கி’ என்கிறார்கள். மோசடியா? – ஹாரோ, லண்டன்

நிபந்தனைகளில் எழுதியிருந்தால் மோசடி என்று நிரூபிப்பது கடினம். ஆனால் உங்களைச் சிக்கவைக்கவே எழுதப்பட்ட நிபந்தனை அது. கணக்கைப் பாருங்கள். 100 பவுண்டு போனஸுக்கு 40 மடங்கு என்றால் 4,000 பவுண்டுக்குப் பந்தயம் கட்ட வேண்டும். இது ஸ்லாட் என்கிற இயந்திர ஆட்டம் ஆடுகிறவருக்கு. மேசை ஆட்டங்களில் கட்டும் பணத்தில் 10 சதவீதத்தைத்தான் பல தளங்கள் கணக்கில் சேர்க்கின்றன. அப்படியானால் நீங்கள் கட்ட வேண்டியது 40,000 பவுண்டு. போனஸ் நிலுவையில் இருக்கும்வரை ஒரு கைக்கு, அதாவது ஒரு சுற்று ஆட்டத்துக்கு, 5 பவுண்டுதான் உச்சம் என்றும் போட்டிருப்பார்கள். ஆக 8,000 கைகள். மணிக்கு 60 கை ஆடினாலும் 133 மணி நேரம். பிளாக்ஜாக்கில் அடிப்படை உத்தியைப் பிசகாமல் பின்பற்றினாலும் வீட்டுக்கு, அதாவது கேசினோவுக்கு, சுமார் அரை சதவீதச் சாதகம் உண்டு; 40,000 பவுண்டில் அது 200. நூறு பவுண்டு போனஸுக்குச் சராசரி விலை 200 பவுண்டு! நடுவில் ஒரே ஒரு கை 10 பவுண்டுக்கு ஆடியிருந்தால் போனஸ், வெற்றிப் பணம் இரண்டையும் ரத்து செய்ய அந்த உச்சவரம்பு விதியே போதும்.

ஐந்தாண்டு வாரண்டி என்று நம்பி நான் வாங்கிய மிக்ஸியின் பெட்டியிலும் ‘மோட்டாருக்கு மட்டும்’ என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அங்கே போனது ஒரு ஜாடி. இங்கே வாடகைப் பணமே போகிறது. பிரிட்டனில் உரிமம் பெற்ற தளங்கள் 2026 ஜனவரி 19 முதல் 10 மடங்குக்கு மேல் கேட்கக்கூடாது. உங்களிடம் 40 கேட்டிருப்பதால், தளம் வெளிநாட்டு உரிமத்தில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். பிரிட்டிஷ் உரிமம் என்றால் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், அவர்கள் தளத்திலேயே பெயர் குறிப்பிட்டிருக்கும் சுயேச்சையான தகராறு தீர்ப்பு அமைப்புக்குப் போகலாம், கட்டணம் இல்லை. இனிமேல் பணம் போடும் முன்பே ‘போனஸ் வேண்டாம்’ என்ற பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

உரிமம் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? – லெஸ்டர்

பக்கத்தின் அடியில் இருக்கும் முத்திரைப் படத்தை நம்ப வேண்டாம், படத்தை யாரும் ஒட்டலாம். உரிம எண்ணை எடுத்து, பிரிட்டன் சூதாட்ட ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் ஆடும் இணைய முகவரி எழுத்துக்கு எழுத்து அதே உரிமத்தின் கீழ் இருக்க வேண்டும். அடுத்து, வாடிக்கையாளர் பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்று நிபந்தனைகளில் பாருங்கள். ‘பாதுகாப்பு இல்லை’ என்றிருந்தால், நிறுவனம் திவாலானால் கணக்கில் கிடக்கும் உங்கள் பணமும் கடன்காரர்களுக்குப் போகலாம். அதனால் வென்றதை அங்கே தேக்கி வைக்காதீர்கள். 20 பவுண்டு போட்டு, கொஞ்சம் ஆடி, மிச்சத்தை எடுத்துப் பாருங்கள். கிரெடிட் கார்டை ஏற்கிறார்களா? வெளியே வந்துவிடுங்கள். பிரிட்டனில் சூதாட்டத்துக்கு அது 2020 ஏப்ரல் 14 முதல் தடை.

ரூலெட்டில் சிவப்பில் கட்டி, தோற்றால் இரட்டிப்பு கட்டுகிறேன். ஒரு வெற்றியில் எல்லாம் திரும்பிவிடும்தானே? – வெம்ப்ளி

10, 20, 40, 80, 160, 320, 640. ஏழு தோல்வியில் 1,270 பவுண்டு போய்விட்டது. எட்டாவதாக 1,280 கட்ட மேசை வரம்பு விடாது. விட்டாலும் வெல்லப்போவது 10 பவுண்டு. ஒற்றைப் பூஜ்ய சக்கரத்தில் சிவப்பு தொடர்ந்து ஏழு முறை வராமல் போவது சுமார் 106-க்கு ஒன்று. இரண்டு மூன்று மாலை ஆடினால் அத்தனை முயற்சி ஆகிவிடும்.

மாதம் 60 பவுண்டு ஒதுக்கியிருக்கிறேன். எந்த மேசை? – ஸ்லவ்

ஒதுக்கிய தொகையைவிட ஆட்டத்தின் வேகம் முக்கியம். ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டில் வீட்டுச் சாதகம் 2.7 சதவீதம். நேரலை டீலரிடம் மணிக்கு 40 சுற்று, சுற்றுக்கு 1 பவுண்டு என்றால் சராசரி இழப்பு மணிக்கு ஒரு பவுண்டு சொச்சம். டீலர் இல்லாத கணினி மேசையில் 5 பவுண்டு வீதம் 200 சுற்று போட்டால் 27 பவுண்டு. இரட்டைப் பூஜ்யம் உள்ள சக்கரத்தைத் தொடாதீர்கள், அங்கே 5.26 சதவீதம். பிளாக்ஜாக் ஆடினால், முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 2-க்கு 3 தரும் மேசைதான். 10 பவுண்டுக்கு 15 வரும். 5-க்கு 6 என்றால் 12-தான். டெபாசிட் வரம்பை முதல் நாளே 60 என்று பூட்டுங்கள்.

பாகரட்டில் ‘டை’க்கு (இரு தரப்பும் சமன்) 8 மடங்கு தருகிறார்களே? – ஈஸ்ட் ஹாம்

வீட்டுச் சாதகம் 14 சதவீதத்துக்கு மேல். கட்டாதீர்கள்.

டெலிகிராமில் வந்த கேசினோ ஆப். 500 போட்டு 1,200 எடுத்தேன். பிறகு 40,000 போட்டேன். திரையில் 3.8 லட்சம் காட்டுகிறது. 30 சதவீத வரி கட்டினால்தான் தருவார்களாம். கடன் வாங்கிக் கட்டட்டுமா? – மதுரை

கட்ட வேண்டாம். ஒரு ரூபாய்கூட வேண்டாம். அந்த 3.8 லட்சம் திரையில் தெரியும் எண் மட்டுமே. முதலில் தந்த 1,200 உங்கள் நம்பிக்கையைப் பெறப் போட்ட முதலீடு. வெற்றிப் பணத்துக்கு வருமான வரி என்றால் கொடுக்கிறவர் தொகையிலிருந்து பிடித்துக்கொண்டுதான் தருவார். தனியாக யுபிஐ எண் அனுப்பிக் கட்டச் சொல்வது வரியே அல்ல. கட்டினால் அடுத்து ‘கணக்கு முடக்க நீக்கக் கட்டணம்’ வரும்.

இப்போதே 1930-க்குப் போன் செய்யுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்தின் 12 இலக்க எண், தேதி, தொகை, பணம் போன யுபிஐ ஐடி, டெலிகிராம் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வேண்டும், உரையாடலை அழித்துவிடாதீர்கள். வங்கிக்கும் அன்றே எழுத்தில் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகரும் முன் தடுத்தால்தான் மீள வழி உண்டு. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். ‘பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்டு வருகிறவர்களும் திருடர்களே.

தமிழ்நாட்டில் ஆட நம்பகமான கேசினோ ஆப் சொல்லுங்கள். – திருப்பூர்

இல்லை. 2022-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி ரூலெட் போன்ற அதிர்ஷ்ட ஆட்டத்தை ஆன்லைனில் பணம் வைத்து ஆடினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியிருக்கிறது. இதற்கு மேல் எழுத எதுவுமில்லை.

கணவர் ஒரு தளத்தில் கணக்கை மூடினால் மறுநாள் இன்னொன்றில் திறக்கிறார். நான் என்ன செய்வது? – குரோய்டன்

அம்மா, ஒவ்வொரு தளமாக மூடி இது தீராது. தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் திட்டமான கேம்ஸ்டாப்பில் பதிந்தால் பிரிட்டனில் உரிமம் பெற்ற எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் தடை விழும். குறைந்தது ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று தேர்ந்தெடுக்கலாம், நடுவில் நீக்க முடியாது. ஆனால் அவரே பதிய வேண்டும். வெளிநாட்டுத் தளங்களை அது தடுக்காது. அதனால் வங்கி ஆப்பில் சூதாட்டப் பரிமாற்றத் தடையையும் அவர் அன்றே போட வேண்டும். அதை எடுக்க நினைத்தாலும் பல வங்கிகள் 48 மணி நேரமோ அதற்கு மேலோ காக்க வைக்கும். உங்கள் சம்பளம் கூட்டுக் கணக்குக்குப் போகிறதென்றால் இந்த மாதமே தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய உதவி எண் 0808 8020 133, இலவசம்; இரவு பகல் எந்நேரமும் பேசலாம். ஆடுகிறவர் மட்டுமல்ல, நீங்களும் அழைக்கலாம். கணவர் சம்மதிக்கும் வரை காத்திருக்காமல் முதல் அழைப்பை நீங்களே செய்யுங்கள்.