அம்மா ஓட்டும் ரோபோ சுவரில் முட்டுகிறதா?
வணக்கம். சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மா, உங்கள் வீட்டு டெலிபிரசன்ஸ் ரோபோவை (தொலைவிலிருந்து ஓட்டி, அதன் கேமரா, திரை வழியே பார்த்துப் பேச உதவும் சக்கர ரோபோ) தன் வீட்டிலிருந்தே ஓட்டும்போது கை நடுக்கத்தால் அடிக்கடி முட்டுகிறது, "எனக்கு இது சரிப்படாது" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

பழி முழுவதையும் நடுக்கத்தின் மேல் போடாதீர்கள். வீடியோ அரை நொடி பிந்தி வந்தாலே யார் ஓட்டினாலும் முட்டும். வெளியிலிருந்து நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், புரியும். முதலில் வேகத்தைக் குறையுங்கள். சிறிது தூரம் ஓட்டி, நிறுத்தி, படம் நிலைத்த பிறகு அடுத்த அசைவு என்று பழக்குங்கள். எப்போதும் ஒரே இடத்தில் தடுமாறினால் அங்கே வைஃபை சிக்னலைச் சோதியுங்கள்.

அம்புக்குறி விசையை அழுத்திப் பிடிப்பதுதான் நடுங்கும் கைக்குப் பெரிய பாடு. டபுள் 3 போன்ற சில மாடல்களில் திரையில் தெரியும் தரையில் ஓரிடத்தைத் தொட்டால் போதும், ரோபோவே தடைகளை விலக்கிப் போய்விடும். உங்களுடையதில் அந்த வசதி இல்லையென்றால் பெரிய பந்து வைத்த டிராக்பால் மவுஸ் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், முட்டியதும் ஓடிப்போய் ரோபோவைத் திருப்பி விடாதீர்கள். அவராகக் கேட்கட்டும், நாற்காலியைக் கேட்காமல் தள்ளினால் எப்படி இருக்குமோ, இதுவும் அப்படித்தான்.